கால் சுற்று

துர்க்கு நகரம். ஜனவரி.
மாலை நான்குக்கே ஜன்னலில் என் முகம்தான் தெரிகிறது.
சமையலறை மேசையில் டார்ச், சின்னக் கண்ணாடி,
பதினெட்டுக் கட்டம் போட்ட காகிதம்,
மீன்முள் பருமனில் ஒரு சாவி.
நூல் கட்டியிருக்கிறேன் அதில்,
அவள் விழுங்கிவிடுவாளோ என்று.

ஐலிக்கு எட்டு வயது. மேல்தாடை குறுகல்.
இந்த ஊரில் பஸ்ஸுக்குக்கூட யாரும்
அவள் பற்களைப்போல் முண்டியடிப்பதில்லை.
எக்ஸ்-ரேயில் கோரைப்பற்கள் இரண்டும்
ஈறுக்கு மேலே சாய்ந்து படுத்திருந்தன,
ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்துக்கொண்டு.

டாக்டர் துவோவினென் அதிகம் பேசமாட்டார்.
"அண்ணத்தின் நடுவே ஒரு தையல் இருக்கிறது.
இன்னும் இறுகவில்லை.
இப்போதென்றால் சாவி போதும்."
பிறகென்றால் என்னவென்று நான் கேட்கவில்லை.
அவர் பார்வை ஒரு கணம்
என் வாயில் நின்று நகர்ந்தது.

இரவுக்கு ஒருமுறை.
கால் சுற்று, கால் மில்லிமீட்டர்.
கப்பல் தளத்தில் இருபது வருடமாகப் பற்றவைக்கிறேன்.
தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே
மூன்று மில்லிமீட்டர் விட்டுத்தான் தொடங்குவோம்;
ஒட்டிவைத்தால் வேர்வரை இறங்காது தீ.
அங்கே என் கை நடுங்கியதில்லை.
இங்கே, இந்த இளஞ்சிவப்பு ஈரத்துக்குள்,
சாவியைத் தொண்டைப் பக்கம் தள்ளவேண்டும்.
அவள் கண் என்னைவிட்டு நகராது.

இஸி என்றால் இங்கே அப்பா.
கருவி ஏறிய நாளிலிருந்து நான் இதி.
பூனையான கிஸ்ஸா, கித்தா.
பள்ளியில் சிரித்தார்களாம்.
"நானும் திரித்தேன்" என்றாள்.

ஆறாம் இரவு துளையைக் காணோம்.
டார்ச்சைச் சாய்த்தும் நிமிர்த்தியும் தேடினேன்.
முந்தின நாள் அவள் முனகியதும்
பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.
முழுதாகத் திரும்பினால்தான்
அடுத்த துளை முன்னால் வரும்.
இரக்கத்துக்குத் திருகாணியில் இடமில்லை.
பழைய துளையைப் பின்னால் துழாவி
விட்ட பாதியைத் தள்ளி முடித்தேன்.
அவள் அழவில்லை.
கட்டத்தில் அவளே சிலுவை போட்டாள்,
காகிதம் கிழிய.

ரீக்காவுக்கு ஸ்டாக்ஹோம் கப்பலில்
பத்து நாள் வேலை, பத்து நாள் வீடு.
பனிக்காலணியைக் கழற்றியபடி நிமிர்ந்தவள்
மகளின் முன்பற்கள் நடுவே
ஒரு கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள்.
"ஒட்டியிருந்த பல்லைப் பிரித்துவிட்டாயே."
"பிரிந்தால்தான் சரியாம்" என்றேன்.
சொல்லும்போது எனக்கே நம்பிக்கையில்லை.
ஐலி அந்தச் சந்தில் நாக்கை நீட்டிக் காட்டினாள்.

பதினெட்டாம் கட்டத்தோடு சாவிக்கு ஓய்வு.
ஆறு மாதம் கருவி வாய்க்குள் சும்மா இருக்கும்;
பிரிந்த இடத்தில் எலும்பு வந்து நிரம்பும்.
சந்து தானாகவே சேர்ந்துகொள்ளும்.
அதன்பின் கழற்றிவிட்டுக் காத்திருப்பது.
கோரைப்பற்கள் இறங்க வேண்டும்.
இரண்டாம் கட்டம் பன்னிரண்டு வயதில்,
அப்போது கம்பி.
நான்கு வருடம் என்ன செய்வது என்றேன்.
டாக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்:
"வளரட்டும்."

கடைசி இரவு டார்ச்சை அவள் பிடுங்கிக்கொண்டாள்.
"இதி, வாயைத் திற."
திறந்தேன்.
நாற்பத்தொரு வருடத்து நெரிசல்,
கண்ணாடிக்குக்கூட நான் காட்டாதது.
வெகுநேரம் தேடினாள்.
"உன் துளை எங்கே?"

மூடிவிட்டது என்று சொல்லலாம்.
எனக்கு இனிச் சாவி கிடையாது, ரம்பம்தான்
என்றும் சொல்லலாம்.
திறந்த வாயோடு என்ன சொல்ல முடியும்.
சுட்டுவிரலால் என் அண்ணத்தைத் தடவினாள்,
முன்னிருந்து பின்னாக.
"இங்கே ஒரு கோடு இருக்கு" என்றாள்.
"மேடா இருக்கு."

ஆகஸ்டில் கருவியைக் கழற்றினார்கள்.
கார் நிறுத்துமிடத்தில், நல்ல வெயிலில்,
"இஸி" என்றாள், சுத்தமாக.
யாரையோ கூப்பிடுகிறாள் என்று
ஒரு நொடி திரும்பிப் பார்க்கவில்லை நான்.